குச்சி எதற்கு

நார்ஃபோக்கில் நவம்பர்.
விடியற்காலை மூன்று மணிக்குப் பட்டையில் கேரட் ஓடுகிறது,
கழுவி, ஈரம் சொட்ட, கண் கூசும் ஆரஞ்சு.
முனை பிளந்தது, முழங்கால் மடித்தது, மூக்கு நீண்டது
எல்லாம் இடக்கைத் தொட்டிக்கு.
நேரானவை மட்டும் பை ஏறி லண்டன் போகும்.

பலகையில் தர்ஸ்டன் எழுதுகிறான்:
ஆயிரத்து நூறு பை தாண்டினால்
ஆளுக்கு இருபது பவுண்டு கூப்பன்.
தொள்ளாயிரத்துக்குக் கீழே போனால்
நாளைக்கு போன் வராது.
எழுதிவிட்டு அவனே சிரிக்கிறான்:
"கேரட்டும் குச்சியும்! அதுவும் இங்கே!"

கான்ஸ்டன்ட்ஸாவில் என் இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில்
குச்சி அடிப்பதற்கில்லை.
கழுதைமேல் உட்கார்ந்தவன் நீட்டிப் பிடித்திருப்பான்,
நுனியில் கயிறு, கயிற்றில் கேரட்.
கழுதை ஓர் அடி வைத்தால்
கேரட்டும் ஓர் அடி வைக்கும்.

இல்லவே இல்லை டோயினா, என்றாள் க்வென்,
முப்பது வருஷமாக இங்கே எடை பார்ப்பவள்.
முன்னால் கேரட், பின்னால் குச்சி.
நடந்தால் தின்னலாம், நின்றால் வாங்கலாம்.

எங்கள் ஊரில் சவுக்கும் தேன்ரொட்டியும், என்றான் ஔரிமாஸ்.
கொஞ்ச நேரம் கழித்து,
தேன்ரொட்டியை நான் பார்த்ததில்லை, என்றான்.

கை நிற்கவில்லை, வாய்தான் சண்டை போட்டது.
கடைசியில் தர்ஸ்டனையே கேட்டோம்.
காதிலிருந்த ரப்பரை எடுத்து, யோசித்து,
"எப்படியும் கழுதை போகுமில்லையா?" என்றான்.
பீட்டர்பரோவில் அவனுக்கு மேலே ஒருவன் இருக்கிறான்.
அவனிடமும் ஒரு பலகை.

ஆயிரத்துத் தொண்ணூற்றாறு.

ஆறு மணிக்கு பஸ் நிறுத்தம்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கழுதை,
வயசானது, யாருடையதோ.
கோட்டுப் பையில் ஒரு கேரட் இருந்தது,
இரண்டு கால் முளைத்தது, தொட்டியிலிருந்து எடுத்தது.
நீட்டினேன்.
முகர்ந்தது.
மூக்கால் என் கையை ஒதுக்கிவிட்டு
வேலிக் கட்டையைக் கடிக்க ஆரம்பித்தது,
நிதானமாக, பட்டை உரித்து,
சிராய் சிராயாக மென்று,
யாரும் சொல்லாமலே.
பார்த்துக்கொண்டே நின்றேன்.

பஸ் கதவு திறந்தபோது
கட்டையில் ஒரு கைப்பிடி காணோம்.
கேரட்டை நான்தான் தின்றிருக்கிறேன்,
வாயெல்லாம் மண்,
டிக்கெட் எடுக்கக்கூட மறந்து.