ஒந்து, எரடு, மூரு

சர்ஜாப்பூர் சாலையில் சனிக்கிழமை எட்டரைக்கே
தண்ணீர் லாரிகள் வரிசை கட்டிவிட்டன.
ஒவ்வொன்றாகத் தாண்டுகிறது ஆட்டோ.
மடியில் நன்னன், பதினோரு மாதம்.
பையில் நீச்சல் டயப்பர்
(ஒன்று நூற்றுப்பத்து ரூபாய், ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்),
துண்டு, மாற்றுச் சட்டை, மசித்த இட்லி பாதி.

குளத்துக்குத் தகரக் கூரை.
முப்பத்திரண்டு டிகிரி என்று சுவரில் சிவப்பாக எரிகிறது.
ஏழு அம்மாக்கள், ஒரே ஒரு அப்பா.
அவருக்கு மட்டும் எல்லோரும் இடம் விடுகிறோம்.

சொல்லித்தருகிறவள் லவீனா, மங்களூர்க்காரி.
முதல் நாள் பெயர் கேட்டாள்.
சொன்னேன்.
கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு
அன்றிலிருந்து "நன்ன" என்கிறாள்.
கன்னடத்தில் அதற்கு
என்னுடைய
என்று அர்த்தம்.
நன்ன, இல்லி நோடு.
நன்ன, காலை உதை.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
என் பிள்ளையை யாரோ தன் பேருக்கு
ரிஜிஸ்டர் செய்துகொள்கிற மாதிரி.

"வயித்துக்குள்ளயே நீந்தினவங்கதானே,
அதெல்லாம் ஞாபகம் இருக்குமாம்"
என்கிறாள் பிங்க் தொப்பி போட்ட கோவைக்காரி.
தலையாட்டினேன்.

போன மார்ச்,
எங்கள் தெரு போர்வெல் காற்றைத் துப்பிய வாரம்.
வயிற்றை நான்கு மூலையாகப் பிரித்து
அளந்து கூட்டினார் ஸ்கேன் டாக்டர்.
பனிக்குடத்தில் தண்ணீர் கம்மி.
ஐந்து புள்ளி இரண்டு.
நாளைக்கு நாலு லிட்டராவது குடிங்க.
குடித்தேன்.
கேன் தண்ணீர், இளநீர், மோர், பார்லி,
தெருவே அரை வாளியில் குளித்துக்கொண்டிருக்க
நான் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தேன்.
உள்ளே அவன் உதைக்கவில்லை.
உரசினான்,
பத்துக்குப் பத்து அறையில்
கட்டிலைத் திருப்பிப் போடப் பார்ப்பவர்கள் போல.
முப்பத்தாறாம் வாரம் அறுத்து எடுத்தார்கள்.

இதையெல்லாம் இடுப்பளவு வெந்நீரில் நின்றுகொண்டு
பிங்க் தொப்பியிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இன்று முங்கல், என்று கை காட்டுகிறாள் லவீனா.
முகத்தில் ஊத வேண்டும்.
மூச்சைப் பிடித்துக்கொள்வான்.
யோசிக்காமல் உள்ளே விட்டு எடுக்க வேண்டும்.
யோசிக்காமல், என்று
இரண்டாம் முறை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஒந்து,
எரடு,
என் வாய் தமிழில் எண்ணுகிறது.
அவள் மூருக்குப் போய்ச் சேர்ந்தபோது
நான் மூன்றில் இன்னும் பாதி வழியில் இருந்தேன்.
கைகள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.
கன்னம் உப்பி, முடியெல்லாம் எழுந்து நிற்க,
பெரிய வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தவன் மாதிரி
இந்தப் பக்கம் ஒருமுறை
அந்தப் பக்கம் ஒருமுறை
பார்த்தான்.

மேலே வந்து இருமினான்.
என் தோளைக் கடித்தான், இருக்கிற நாலு பல்லாலும்.

*

அதற்கு மூன்றாம் வாரம், விடியும் முன்னே செய்தி:
லாரி வரவில்லை, வகுப்பு கிடையாது,
கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது.

குளியலறையில் நீல டப்பில் உட்காரவைத்தேன்.
அவன் பங்குக்கு அன்று அரை வாளி.
தொப்புள்வரைகூட வரவில்லை.
விளையாடவில்லை அவன்.
என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தான்.
எதற்கு என்று புரிய
கொஞ்ச நேரம் ஆயிற்று எனக்கு.

ஊதினேன்.

மூச்சைப் பிடித்தான். கண்ணை விரித்தான்.
முங்குவதற்கு எதுவுமில்லை என்று தெரிந்ததும்
இரண்டு காலாலும் ஓர் உதை.
முக்கால்வாசித் தண்ணீர் தரையில்.

"நன்ன!" என்று கத்தினேன்.
கடைசி எழுத்து
என் வாயிலும் வரவில்லை.

அவனைத் துவட்டிக் கீழே விட்டுவிட்டு
பழைய துண்டால் தரையை ஒற்றி
பால்கனி கறிவேப்பிலைக்குப் பிழிந்தேன்,
இரண்டு நடை.