எண்பத்தெட்டாவது கட்டம்

வூப்பர்டால். ஆற்றுக்கு மேலே
தொங்கியபடி போகும் ரயில்
ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம்
என் மேசைப் பென்சில்கள் ஒருமுறை உருளும்.

இசைக்குழுவின் நூலகன் நான்.
படிக்க நூல் கிடையாது. வாசிக்கத் தாள்.
இறந்தவர்களைப் பெட்டி பெட்டியாய் அடுக்கியிருக்கிறேன்,
தொந்தரவு தருவதில்லை.

இந்த வருடம் உயிரோடிருக்கும் ஒருத்தியிடம்
புதிதாய் எழுதித் தரக் கேட்டார்கள்.
கமிஷன் என்று அண்ணனிடம் போனில் சொன்னேன்.
"எத்தனை பர்சன்ட்?" என்றான்.

ஒப்பந்தம்: பதினொரு நிமிடம். ஹார்ப் கூடாது, செலவு.
வீப்கே லோஹோஃப் அனுப்பியதோ பதினொன்றே முக்கால்,
மூன்று வாரம் தாமதம்,
வயலின் தாளில் காப்பிக் கறை.
கறையோடு நகலெடுத்துவிட்டேன்.
இரண்டாம் வரிசைக்காரர் அதை மௌனக் குறி என்றெண்ணி
வில்லைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

செவ்வாய் ஒத்திகை.
கிளாரினெட் ஹோல்கர் கை தூக்கினான்:
எண்பத்தெட்டாவது கட்டம். என் தாளில் ஒன்று,
நடத்துனர் தாளில் அரைச் சுருதி கீழே. எது சரி?

இறந்தவர் எழுதியதென்றால்
நூறு வருடம் சண்டை போட்டிருப்போம்.
இரண்டு பதிப்பு, ஒரு முனைவர் பட்டம்.
இவளோ ஏழாம் வரிசையில் கோட்டைக் கழற்றாமல்
ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

எழுந்தாள். வாயிலிருந்ததை விழுங்கினாள்.
"தெரியவில்லை."
அவ்வளவு பேர் முன்னால் அந்தச் சொல்லை
இந்த அரங்கில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
"இரண்டையும் வாசியுங்கள்."
வாசித்தான்.
"இன்னொரு தரம்."
மேலாளர் கடிகாரம் பார்த்தார்.
"புதன்கிழமை அது. வியாழக்கிழமை இது."

பென்சிலால் குறித்தேன்.
புதனன்று கைதட்டல் ஒழுங்காக இருந்தது.
வியாழனன்று மேல்மாடத்தில் யாரோ "ஆஹ்" என்றார்கள்,
அந்த இடத்தில்தான்.
பிடித்தா, பிடிக்காமலா, தெரியாது.

வாடகைத் தாள். அழித்துத்தான் திருப்ப வேண்டும்.
அழித்தேன். ரப்பர் தூளை ஊதினேன்.

மார்ச்சில் போன்.
"வியாழக்கிழமை வாசித்தது எது?
திருத்தி எழுதுகிறேன்.
ஹோல்கருக்கு நினைவில்லையாம்."
பதிவு செய்ய அந்த வாரம் காசில்லை.
கதவைச் சாத்திவிட்டு
முனகிக் காட்டினேன்.
பாடகன் இல்லை நான்;
தொண்டை வேறு கட்டியிருந்தது.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.
"இது அது இரண்டும் இல்லையே."
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
"இருங்கள்," என்றாள். "இன்னொரு தரம்."

ரயில் வந்தது.
விழப்போன பென்சிலைப் பிடித்தபடி
முனகினேன்.