இரண்டாம் அடித்தளம்

பாரீஸில், நதியின் தென்கரையில்
நிலத்தடி வாகனக் காப்பகம்.
இரண்டாம் அடித்தளம், நாற்பத்தேழாம் கட்டம்.
அங்கே யாரும் கார் நிறுத்துவதில்லை.
ஏற்கெனவே ஒரு மதில் நிற்கிறது,
எண்ணூறு வருடமாக,
சீட்டு எடுக்காமல்.

இரவுக் காவலர் ஜாகிலி சுகுனா
முதல் வாரம் அதைத் தூண் என்றுதான் நினைத்தார்.
பிறகு பலகையைப் படித்தார்:
சிலுவைப் போருக்குக் கிளம்புமுன்
அரசன் வடகரையைப் பூட்டிவிட்டுப் போனானாம்.
தென்கரைக்குப் பூட்டு வர
இன்னும் பத்து வருடம்.
ஜாகிலி சிரித்தார்.
அன்றைக்கும் இதே நிர்வாகம்தான் போலிருக்கிறது.

ஊர் கேட்கவில்லை.
திராட்சைக் கொடிமேல் ஏறிப் படுத்தது,
சேற்றில் வீடு போட்டது.
வளரும் பிள்ளைக்கு அரைஞாண் மாற்றுவதுபோல்
வடக்கே ஒரு புதுக் கயிறு கட்டினார்கள்.
தெற்கே பழையதே போதும் என்று
அகழியை மட்டும் ஆழமாக்கினார்கள்.

பின்னொரு அரசனுக்கு எதிரிகள் தொலைவில்.
இடித்துவிட்டு மரம் நடச் சொன்னான்.
கொத்தளம் என்ற சொல் நடந்து நடந்து தேய்ந்து
நிழற்சாலைக்குப் பெயராயிற்று.
இன்று அதன்மேல் காபி குடிக்கிறவர்கள்
கோட்டைமேல் உட்கார்ந்திருப்பது தெரியாமல்
மிச்சச் சில்லறையை எண்ணுகிறார்கள்.

அடுத்தது பீரங்கிக்காக அல்ல,
பீப்பாய்க்காக எழுந்த மதில்.
உள்ளே வரும் ஒவ்வொரு குடம் மதுவுக்கும் சுங்கம்.
பெர்த்தில் என்றொருத்தி
(பெயர் நான் வைத்தது, ஆள் இருந்திருப்பாள்)
பாவாடைக்குள் தோல்பை கட்டி வாயில் கடப்பாள்.
வருடம் முழுக்க அவளுக்கு ஒன்பதாம் மாதம்.
"எப்போதுதான் பிறக்கும்?" என்றான் சுங்கக்காரன்.
"இன்றிரவு, ஆறு குவளையாக" என்றாள்.
அவன் விடிந்ததும் விலாசம் கேட்டு வந்தான்.

கடைசி மதில்தான் பெரியது.
தொண்ணூற்று நான்கு கொத்தளங்கள்.
எதிரே பீரங்கி பார்க்கும் தூரத்துக்கு
ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதென்று சட்டம்.
செங்கல் வைக்கவில்லை.
பலகை வைத்தார்கள், தார்த்தாள் வைத்தார்கள்,
கந்தல் பொறுக்குகிறவர்கள் முயல் வளர்த்தார்கள்.
போர் வந்தபோது குண்டுகள்
மதிலை ஏறெடுத்தும் பாராமல்
மேலே பறந்து போயின.
பஞ்சம் மட்டும் ஒழுங்காக
வாயில் வழியே நுழைந்தது.
உள்ளே எலிக்கு விலை வைத்து விற்றார்கள்.

இப்போது மதில் கிடையாது.
அந்த இடத்தில் எட்டுத் தட வட்டச்சாலை,
இரவும் பகலும் ஓடுகிற ஓர் அகழி.
ஜாகிலியின் அறை அதற்கு அந்தப்புறம்.
வேலை கேட்டு விலாசம் எழுதியபோதெல்லாம்
பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள்
அந்த ஐந்து எண்ணில் ஒரு கணம் நின்றன.

இரவு இரண்டு மணி.
ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார்,
"வெளியே போக எந்த வழி?"
ஜாகிலி கையைத் தூக்கி
கொஞ்சம் யோசிக்கிறார்.
"மேலே ஏறி இடப்பக்கம்."

மதில் வியர்க்கிறது.
அதன் விளிம்பில் குடுவையை வைத்து
தேநீர் ஊற்றிக் குடிக்கிறார்.
முதுகு சாய்க்க அந்த ஒன்றுதான் தோது,
மற்றதெல்லாம் கான்கிரீட், குளிரும்.

ஐந்தரைக்குக் குறிப்பேட்டில்:
வாகனங்கள் அறுபத்தொன்று.
மதில் ஒன்று.
வேறு விசேஷமில்லை.

முதல் ரயில்.
வட்டச்சாலைக்குக் கீழே போகும்போது
அவர் தூங்கிவிடுகிறார்.
பையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.
நகக்கண்ணில் கொஞ்சம் பழஞ்சுண்ணாம்பு.
சுங்கம் கட்டவில்லை.