மூக்கால் தொட்ட ஆம்

கொட்டாஞ்சேனையில் விடிய மூன்றே முக்கால்.
முழங்கை வரை அரிசிமா.
நான் உரலைப் பிழிகிற நேரம் பார்த்து
ஃபோன் நின்று கேட்கிறது:
இன்னும் பார்க்கிறீர்களா?

ஏழு வருடம், ஒரே சேனல்.
அந்த ஆள் களப்பில் வள்ளம் வலிப்பார், பேசமாட்டார்.
நானும் பேசாமல் பிழிவேன்.
சந்தா கட்டியாச்சு, மணியும் அமத்தியாச்சு,
பிறகும் கேள்வி.
மூக்கால் தொடுகிறேன்: ஆம்.

ஃபஸ்மில் ஓட்டோவில் வந்தால்
ஒரு ஹோர்ன், அவ்வளவுதான்.
இருநூறு இடியப்பம், எண்ணாமல் ஏற்றுவான்.

முந்தி ஆமர் வீதிச் சந்தியில்
ஒரே பொலிஸ்காரன் ஒரே அடையாள அட்டையை
ஒவ்வொரு பின்னேரமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
என் முகம் அவனுக்கு மனப்பாடம்.
சிரிக்கவும் செய்வான்,
அட்டையை நீட்டிய பிறகு.

வள்ளம் மறுபடி நகர்கிறது.
திரையில் மாவுப் பொட்டு
காய்கிறது.