நீக்கப்பட்டவை உட்பட

ஜார்ஜ் டவுன், டத்தோ கிராமாட் சாலை. கீழே பேட்டரிக் கடை,
மேலே மரண சகாயச் சங்கம்.
குளிர்சாதனத்தின் தண்ணீர் மைலோ டின்னில் சொட்டுகிறது.
சங்கத்தின் கணினி என்னைவிட இரண்டு வயது இளையது.
தட்டி எழுப்ப மூன்று நாள் ஆயிற்று.
ஒன்பது வட்டுகளில் நான்கில் பூசணம்.

பொருளாளர் தனராஜூ நின்றபடியே நிபந்தனை சொன்னார்:
"பழைய பெட்டி காட்டுற நம்பரும்
புதுப் பெட்டி காட்டுற நம்பரும்
ஒத்து வந்தாத்தான் காசோலை."
பிறகு, படியிறங்கும்போது:
"சந்தா கட்டாம நின்னவங்கள ஏத்தாதீங்க.
அவங்கள அடிச்சாச்சு."

அடித்திருந்தார்கள்தான்.
ஆனால் அந்தக் காலத்து மென்பொருள் லேசில் எதையும் அழிக்காது.
வரியின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும்,
திரை அந்த வரியைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான்.
செத்தவர்கள் நட்சத்திரமாவது வேறு கதை.
இவர்கள் மூன்று மாதம் இரண்டு வெள்ளி கட்டாதவர்கள்.

நம் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் கிடக்கும்.
அப்படிக் கிடந்தார்கள்
முந்நூற்றாறு பேர்.

பெயருக்கு இருபது இடம் போதுமென்று
யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.
ரோமன் எழுத்தில் லெட்சுமணன் ஏ/எல் என்று அடித்ததும்
மிச்சம் நாலே இடம்.
ஆறுமுகத்தின் முகம் அறுந்து
'ஆறும்' என்று நிற்கிறது அப்பாவின் பெயர்.
எது ஆறும், எப்போது, வரியில் இல்லை.
வெள்ளச்சியம்மா ஏ/பி கா.
காளியப்பனா, காத்தமுத்தா, காசியா?

குறிப்பு எழுத இடமே வைக்காததால்
குமாஸ்தா மிஸ் ஊய் சியூ லான்
முகவரியின் மூன்றாம் வரியை எடுத்துக்கொண்டிருக்கிறார்.
கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம்,
சந்தா கட்ட வந்தவர்களிடமே பொறுக்கிய தமிழ்:

கப்பல்ல. ஆறு மாசம்.
லோரி மோதல். பெண்டாட்டி பெறகு கட்டும்.
நல்ல ஆள். சத்தம் போடும்.
கடுதாசி அனுப்பாதே. அழுவுது.

புது அமைப்போ மூன்றாம் வரியில்
அஞ்சல் குறியீட்டை எதிர்பார்க்கிறது.
இரவு பத்தே காலுக்கு முதல் ஓட்டம்.
வரி ஆயிரத்து நூற்று நாற்பது, பிழை:
'அழுவுது' என்பது ஐந்து இலக்க எண் அல்ல.

அல்லதான்.

மறுநாள் பழைய பெட்டியிடம் கேட்டேன், மொத்தம் எத்தனை?
இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு என்றது.
அந்தக் கட்டளைக்கு நட்சத்திரம் பார்க்கத் தெரியாது,
இருக்கிற வரியை எண்ணும்.
நட்சத்திரம் இல்லாதவை
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுதான்.

தனராஜூவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"ஒத்து வரணும்னு நீங்கதானே சொன்னீங்க."
கைக்கணக்கியை எடுத்தார், கழித்தார்,
நம்பாமல் இன்னொரு தரம் கழித்தார்.
கீழே யாரோ ஒரு பேட்டரியைச் சோதித்தார்கள், ஹாரன் அலறியது.
"வருசா வருசம் ஆண்டுக்கூட்டத்துல
இந்தப் பெரிய நம்பரத்தான் படிச்சேன்," என்றார்.
"யாரும் கேக்கல."
கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்.
"சரி, ஏத்துங்க."

'நிலை' என்று ஒரு பத்தி திறந்தேன். நடப்பு, நின்றது.
'குறிப்பு' என்று இன்னொன்று,
அது விலைச்சீட்டில் இல்லை,
அதற்குள் மிஸ் ஊய், எழுத்துப்பிழை மாறாமல்.
பழைய பெட்டியில் நாட்காட்டி பின்தங்கி ஓடுகிறது,
அதைத் திருத்த எவரும் காசு தரமாட்டார்கள்.

எண் ஒத்தது.
காசோலை வந்தது, என் பெயரில் ஓர் எழுத்துக் குறைவாக.

புதிய அமைப்பில் பெயருக்கு
இருநூற்றைம்பத்தைந்து இடம்.
சோதனைக்காக ஒரு வரியைத் திறந்தேன்:
வெள்ளச்சியம்மா ஏ/பி கா
அப்புறம் திரையின் ஓரம் வரைக்கும்
வெறும் வெள்ளை.