பதினொன்றிலிருந்து இரண்டு வரை

கடிதத்தில் அந்தச் சொல் மூன்று தரம் வந்தது.
நெகிழ்வான நேரம். நெகிழ்வான இடம்.
நெகிழ்வான பண்பாடு.
சம்பளம் பதினாறாயிரம் கூட.
கிர்ஸ்டன் சொன்னாள்,
"இனி எங்கிருந்தும் வேலை செய்யலாம், வத்சி."

செய்துகொண்டுதானே இருந்தேன்.
துங்காபி ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று செய்தேன்.
தாளிக்கும்போது செய்தேன்,
திரையில் எண்ணெய் தெறித்தது.
சித்தப்பாவின் செத்தவீட்டில்
தேவாரம் முடிய முன்னம்
கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு
நாற்பத்தொரு பேரின் சம்பளக் கணக்கைத்
திருத்தி அனுப்பினேன்.
வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது.
அழுதேன் என்று நினைத்தார்கள்.
தோளைத் தடவினார்கள்.

வளைந்து கொடுத்தல் என்று சொல்லுவோம் நாங்கள்.
அதற்குள் இரண்டு வினை.
ஒன்பது வருசமாய் வளைந்ததும் நான்,
கொடுத்ததும் நான் என்பது
அந்தக் கடிதத்தை மூன்றாம் தரம் வாசிக்கையில்தான்
உறைத்தது.

வெள்ளி வரை யோசிக்கத் தவணை.
தாளின் நடுவே கோடு கிழித்து
நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் எழுதினேன்.
நன்மைதான் நீளமாய் வந்தது.
அதுவே பயமாயிருந்தது.
தாளை எட்டாய் மடித்துச்
சாப்பாட்டு மேசையின் குட்டைக்காலுக்கு அடியில் வைத்தேன்.
மேசை ஆடுவது நின்றது.
வியாழன் பின்னேரம், சிவப்பு விளக்கில்,
முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் எழுதியிருந்தது:
ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி இலவசம்.

நிமலன் ஒன்றும் சொல்லவில்லை.
வீட்டுக்கடன் கணக்கைத் திறந்து பார்த்தான்,
மூடினான்,
திறந்தான்.
கோயிலில் மலர் அக்காதான் கேட்டாள்,
"பஸ் ஓட்டவோ பிள்ளை சி.பி.ஏ. படிச்சனீ?"
பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.
வாய் நிறைந்திருந்தால் விடை சொல்லத் தேவையில்லை.

இப்போது என்னிடம் நெகிழ்வு என்று ஒன்றும் இல்லை.
ஐந்து நாற்பத்தேழு என்றால் ஐந்து நாற்பத்தேழு.
ஓகஸ்டில் முன்கண்ணாடியில் உறைபனி,
விரல் மரத்துப்போகும்.
போன கிழமை ஒருவன் குடித்துவிட்டு
என் நிறத்தை எனக்கே விளக்கினான்.
பின்சீட்டுக் கிழவர் ஒருவர் மட்டும்
இறங்கும்போது மன்னிப்புக் கேட்டார்,
அவன் சார்பிலோ, தான் சும்மா இருந்ததற்கோ
தெரியவில்லை.
முழங்கால் நோ. சம்பளம் குறைவு. அதையும் சொல்லவேண்டும்.

ஆனால் பதினொரு மணிக்குத்
திறப்பைக் கொக்கியில் மாட்டினால்
பன்னிரண்டு தொன் இரும்பு
டிப்போவிலேயே நிற்கும்.
என் பின்னால் வீட்டுக்கு வராது.
மறுபடி இரண்டு மணிக்கு,
பள்ளிப் பிள்ளைகளுக்காக.

மகனுக்காக என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
மரியாதையான விடை, தலையாட்டுவார்கள்.
அந்த மூன்று மணித்தியாலமும்
மகன் வகுப்பில் இருக்கிறான் என்பதை
ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

காரின் இருக்கையைச் சரித்துப் படுப்பேன்.
சில நாள் நூலகத்தில்
பறவைகளின் படம் பார்ப்பேன், பெயர் பாடமாக்குவதில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
முழுதாய் ஒன்றுமே செய்யவில்லை.
அதை யாருக்கும் சொல்லவில்லை, இப்போதுதான்.

கார் பழுதென்று போன மாதம் கிர்ஸ்டன்
என் பஸ்ஸில் ஏறினாள்.
காதில் கைபேசி, அட்டையைத் தட்ட மறந்தாள்,
என்னைப் பார்க்கவும்.
இறங்கவேண்டிய இடமும் தவறி
கடைசி நிறுத்தம் வரை வந்துவிட்டாள்.
இயந்திரத்தை அணைத்த பிறகுதான்
"நீயா?" என்றாள்.

இங்கே ஆறு நிமிடம் நிற்பேன் என்றேன்.
தாமதமா என்று கேட்டாள்.
இல்லை, அட்டவணையில் எழுதியிருக்கிறது,
நிற்பதும் வேலைதான் என்றேன்.

முன்சீட்டில் வந்து இருந்தாள்.
வெளியே யூகலிப்டஸ் பட்டை உரிந்து தொங்கியது.
தோடம்பழத்தை உரித்துப் பாதி நீட்டினேன்.
வாங்கினாள்.

கைபேசி அதிர்ந்தது.
ஒட்டும் விரல்களோடு அவள் அதை எடுத்தாள்.
எனக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.