நிறுத்த கை

யார் வீட்டில் எத்தனை வாய் என்பது
பாதிரியாருக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும்.
வின்டர்ஸ்வைக்கில் முப்பது வருடமாக மளிகைக் கடை.
பட்டாணி, பார்லி, சவுக்காரம், விளக்குத் திரி.
நிறுத்துக் கொடுக்கிற கைக்கு
ஊரே ஒரு கணக்கு நோட்டு.

ஆல்ட்யே வெசெலிங்க் தனிக்கட்டை.
புருஷன் நெசவாலையில் போய் ஒன்பது வருடம்.
வாரம் அரைக் கிலோ பட்டாணி,
அதற்குமேல் ஒரு மணி கிடையாது.
நாற்பத்திரண்டு நவம்பரில் வந்து
கூப்பன் இல்லாமல் இரண்டு கிலோ கேட்டாள்.
"குளிர் அதிகம்" என்றாள்.
குளிரைக் கடித்துத் தின்ன அவள் வாயில் பல் ஏது?

அதே மாதம்தான்
மாட்டுத் தரகர் ஹார்டொக் ஸ்பான்யர் வீட்டுக் கதவுக்கு
முத்திரை வைத்தார்கள்.
உள்ளே யாரும் இல்லை.
அவர், மனைவி, மூன்று பிள்ளைகள்.
என் நோட்டில் பதினெட்டு கில்டர் பாக்கி.

காட்டிக்கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர்.
ஐந்து தலை.
முப்பத்தேழரை.
பாக்கி போகப் பத்தொன்பதரை மிஞ்சும்.
கணக்குப் போடவில்லை என்று சொல்லமாட்டேன்.
கடைக்காரன் நான், தூக்கத்திலும் கூட்டுவேன்.

போகவில்லை.
என் மனைவி ஹெர்மினாவிடம்கூடச் சொல்லவில்லை.
ஆனால் விலையை மூன்று மடங்காக்கினேன்.
ஆல்ட்யே பேரம் பேசவில்லை.
பேசமுடியாது என்று எனக்குத் தெரியும்,
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும்.
தராசுத் தட்டின் ஓரத்தில் என் கட்டைவிரல்
எல்லோருக்கும் கொஞ்சம் சாய்வதுதான்.
அவளுக்குக் கூடுதலாகச் சாய்ந்தது.

ஒருநாள் வண்ணப் பென்சில் கேட்டாள்.
பெட்டியை எடுத்து வைத்தேன்.
"நீலம் மட்டும் போதும்."
எதற்கு என்று கேட்கவில்லை.
கேட்டால் எனக்குத் தெரியும் என்றாகிவிடும்.

பிறகு அந்த வியாழக்கிழமை.
போலீஸ்காரன் வில்மிங்க் மேசையில் சாய்ந்து
புகையிலை சுருட்டிக்கொண்டிருக்கிறான்.
பையோடு உள்ளே வந்துவிட்டாள்.
திரும்பிப் போனாலும் தப்பு, கேட்டாலும் தப்பு.
நான் உரக்கச் சிரித்தேன்.
"என்ன ஆல்ட்யே,
உன் கோழிகள் என் கடையையே தின்றுவிடும்போல!
பூச்சி விழுந்த பட்டாணி இருக்கிறது, எடுத்துப் போ."
வில்மிங்க் நிமிர்ந்து பார்த்தான்.
முட்டை கிடைக்குமா என்று கேட்டான்.
எனக்கு முதுகு வேர்வை இடுப்புவரை இறங்கியது.
அதைச் சொன்னது யார் என்று இன்றும் தெரியாது.
வாய் என்னுடையதுதான்.

அவளிடம் கோழியே இல்லை.
அன்றிரவு இரண்டு பெட்டைகளைக்
கூடையில் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
உயிரைப் பணயம் வைத்துத்தான் போனேன்.
காசும் வாங்கினேன்.

நாற்பத்தைந்து மார்ச் கடைசியில் டாங்கிகள் வந்தன.
ஆல்ட்யே வீட்டுப் பரணிலிருந்து
நான்கு பேர் இறங்கினார்கள்.
கடைக்குட்டி யெட்யே
ஜனவரியிலேயே போய்விட்டாளாம்.
நெஞ்சுச் சளி.
கோழிக்கூண்டுக்குப் பின்னால், இரவில்,
உறைந்த மண்ணை வெந்நீர் ஊற்றி இளக்கி.

அன்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கூட்டினேன்.
வாரம் நூற்றிருபது கிராம்.
நூற்றிருபத்தைந்து வாரம்.
பதினைந்து கிலோ.
இரண்டாம் முறையும் அதேதான் வந்தது.
நான்கு வயதுப் பிள்ளை
என்ன எடை இருக்கும் என்று
நான் யாரிடமும் கேட்கவில்லை.

மே மாதம் ஹார்டொக் வந்தார்.
கோட்டுக்குள் இன்னொரு ஆளுக்கு இடமிருந்தது.
"உனக்குத் தெரிந்திருந்தது, ஆல்ட்யே சொன்னாள்.
நீ வாயைத் திறக்கவில்லை" என்று
என் வலது கையைப் பிடித்துக்கொண்டார்,
இரண்டு கையாலும்,
கட்டைவிரலோடு சேர்த்து.
பிறகு, பழைய பாக்கி என்று
பதினெட்டு கில்டரை எண்ணி மேசைமேல் வைத்தார்.

எடுத்துக்கொண்டேன்.
வேண்டாமென்றால் ஏன் என்று சொல்லவேண்டியிருக்கும்.

பதினொரு பென்சிலோடு அந்தப் பெட்டி
இன்னும் அலமாரியில் இருக்கிறது.
பிள்ளைகள் திறந்து பார்ப்பார்கள்,
மூடி வைத்துவிட்டுப் போவார்கள்.
நீலம் இல்லாத பெட்டியை
யாரும் வாங்குவதில்லை.